வெப்பக் கசிவு

கடலடி எரிமலையின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் நடுக்கடல் மேடையில் பெனிட்டா தனியாக இருந்தாள். கூட வேலை பார்த்த கண்ணப்பனை முதுகுவலி என்று ஹெலிகாப்டரில் கூட்டிப்போய் எழுபது நாளாகிறது. மாற்று ஆள் வரவில்லை. கடலுக்கடியிலிருந்து நீராவி ஏறிவரும் ஏழாம் நம்பர் குழாயில் ஓரிடத்தில் மேலுறை கிழிந்திருந்தது. அங்கே கை வைத்தால் காய்ச்சல்காரரின் நெற்றி போலச் சுடும். தினமும் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் சாப்பிடுவாள். உள்ளே நீராவி ஓடுவது விலா எலும்பில் தெரியும். அம்மாவிடம் போனில் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொல்லியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரையிலுள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து தயாளன் போனில் கூப்பிட்டார்.

“மேடம், ஏழாம் நம்பர் குழாய்ல சூடு கசியுது. உறை போட்டு மூடிடுங்க.”

“கொஞ்சம்தானே சார்?”

“கொஞ்சம்தான். ஆனா அதுல ஒரு தெருவுக்கே விளக்கு எரியுமே.”

இணைப்பைத் துண்டிக்காமல் போனைப் பக்கத்தில் வைத்தாள். சூட்டைத் தடுக்கும் கண்ணாடி இழையை மூன்று சுற்று சுற்றி, தகடு போர்த்தி, பட்டையை முறுக்கினாள். பிறகு உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மேடையின் சில்லென்ற கைப்பிடிக் கம்பியைத் தொட்டது போலிருந்தது.

“ரீடிங் சரியாயிடுச்சு மேடம், போனை வெச்சிடட்டுமா?” என்றார் தயாளன். அவருக்குப் பின்னால் பலபேர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“யாரு சார் அது?”

“நம்ம ஷிப்ட் ஆளுங்கதான், டீ குடிக்கிறாங்க. தொந்தரவா இருக்கா?”

“இல்ல சார். போனை வைக்காம, கொஞ்ச நேரம் அவங்க பக்கத்துல வெச்சிடுங்க.”