லாரி வரிசை

ஓர் இலை கூடுதலாக இருந்தது.

சொதி வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அதையே பார்த்தபடி நின்றாள்.

மாடி அறையில் நீள மேசை. ஒரே பக்கமாக நாற்காலிகள். எல்லோருக்கும் மூட்டு வலி வந்த பிறகு பாய் போய் மேசை வந்தது. வரிசை மட்டும் மாறவில்லை.

லாரி வரிசை.

அறுபது வருடத்துக்கு முன்னால், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் ஓர் அரிசி லாரியில் ஏறிக் குற்றாலம் போனார்கள். அன்றைக்கு யார் பக்கத்தில் யார் இருந்தார்களோ, அப்படியேதான் சாப்பிட உட்கார வேண்டும். ஆண்டுக்கு ஒரு ஞாயிறு. பாளையங்கோட்டையில், மூத்தவர் சங்கரலிங்கம் அண்ணன் வீட்டில்.

போய்விட்டவர்களுக்கு இலை கிடையாது. மற்றவர்கள் நெருங்கி உட்கார்ந்துகொள்வார்கள்.

அவள் அந்த லாரியில் இல்லை.

லாரி போய்வந்து இரண்டு வருடம் கழித்து, சித்தப்பா கட்டிக்கொண்ட தன் அம்மாவின் கையைப் பிடித்தபடி அந்தக் குடும்பத்துக்குள் வந்தவள். யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. வரிசையில் இடம் இல்லை, அவ்வளவுதான். அதனால் அவள் பரிமாறுவாள். கடைசியில் அண்ணன் மனைவியான மைனியோடு அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

கதை அவளுக்கு மனப்பாடம்.

பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் மழை. தார்ப்பாய் கிழிந்தது. எல்லோர் தலையிலும் சாக்கு. அண்ணன் பக்கத்தில் இருந்த கோமு அழுதாள். அண்ணன் தன் சாக்கையும் அவளுக்கே போர்த்தினார்.

சில நாள் கனவில் அந்த மழை அவள்மேலும் பெய்யும். எழுந்து தொட்டுப் பார்த்தால் தலை காய்ந்திருக்கும்.

இந்த மாசியில் கோமு போய்விட்டாள்.

இன்று காலையில் இலை போட்டது அண்ணன். யாரையும் தொட விடவில்லை. இப்போதெல்லாம் அவருக்கு மறதி. போன வாரம் தன் வீட்டு வாசலில் நின்றே, இது யார் வீடு என்று கேட்டாராம்.

கோமுவின் இடத்துக்கு நெல்லையப்பன் நெருங்கி வந்துவிட்டான். அண்ணனுக்கு மறுபக்கம், மேசை முடிகிற இடத்தில், அந்த இலை.

அங்கே ஒருநாளும் யாரும் உட்கார்ந்ததில்லை. லாரியில் அது பின்கதவு.

மைனி குனிந்து அதை எடுக்கப் போனாள்.

அண்ணன் அதன்மேல் கையை வைத்தார்.

"ஆளு இருக்கு."

கோமுவுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். எப்படிச் சொல்வது என்று மைனி அவளைப் பார்த்தாள்.

அண்ணனும் அவளைத்தான் பார்த்தார்.

"ஏட்டி, வாளியத் தூக்கிட்டு என்ன நிக்க? உக்காரு. சோறு ஆறுதுல்லா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. தன்னைக் கோமு என்று நினைக்கிறார்.

இத்தனை வருடம் ஆசைப்பட்ட இடம். வேறொருத்தியின் பேரில் வருகிறது.

மைனி வாளியை வாங்கிக்கொண்டாள். "இருந்துட்டுப் போயேன். அவுகளுக்கு நெனப்பு இல்ல" என்றாள் காதோடு.

அவள் உட்கார்ந்தாள்.

சொதி விழுந்தது. தேங்காய்ப்பால் மணம். ஓரத்தில் இஞ்சித் துவையல். சன்னலுக்கு வெளியே வெயில் அசையாமல் நின்றது. மின்விசிறிக் காற்றில் இலைகளின் ஓரம் எழுந்து எழுந்து படிந்தது, நனைந்த தார்ப்பாய் போல.

"எனக்கு மட்டும் முருங்கக்காய் வராதே" என்றாள் பிச்சம்மாள் அக்கா.

"உனக்குப் பல்லு வரட்டும், போடச் சொல்லுதேன்" என்றான் நெல்லையப்பன்.

அப்பளம் நொறுங்கியது. கதை கிளம்பியது. பாவூர்ச்சத்திரம் வந்தது. மழை வந்தது.

நடுவில் அண்ணன் அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்குப் பயமா இருந்துச்சாட்டி?"

கதையில் இந்த இடத்தில் கேள்வி கிடையாது. கோமு என்ன சொல்லியிருப்பாள் என்று அவள் யோசித்தாள்.

"பயந்துட்டேண்ணே. அழுதேன்லா."

"அழுதது கோமு. அவதான் போயிட்டாளே, பாவம்." அண்ணன் சோற்றைப் பிசைந்தார். "நான் உன்னயல்லா கேக்கேன்."

அவள் கை இலையிலேயே நின்றது.

அவள் கண்ணை மூடினாள். பின்கதவின் சங்கிலி ஆடியது. ஈரச் சாக்கின் வாடை. பின்னால் ஓடுகிற ரோடு, வெள்ளையாக, முடிவில்லாமல்.

"குளிருச்சுண்ணே" என்றாள்.

நெல்லையப்பன் தலையை நிமிர்த்தினான்.

கதையில் ஒரு சாக்கு கூடினாலும் விடாதவன் அவன். போன வருடம் லாரி பச்சையா நீலமா என்று பிச்சம்மாளோடு பாயசம் வரும்வரை மல்லுக்கட்டியவன்.

எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள்.

அவள் பார்க்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்ன சொல்லை இனித் திரும்ப எடுக்க முடியாது.

அவன் தண்ணீர் குடித்தான். டம்ளரை வைத்தான்.

"குளிராம என்ன செய்யும்? பின்கதவுகிட்ட உக்காராதன்னா கேட்டாத்தானே. சாக்கக் குடுத்தாலும் வேண்டாம்னுட்டா."

"அப்பவே அழுத்தக்காரி" என்றாள் பிச்சம்மாள் அக்கா, அப்பளத்தை எடுத்துக்கொண்டு.

மறுகோடியில் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு அடுத்தது. ஒவ்வொருவராக இந்தப் பக்கம் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

லாரி கிளம்பியது.

அவள் இடது கையால் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.