பலூனுக்குக் கீழே

டிஸ்க்கில் எட்டாயிரத்துச் சொச்சம் பாட்டுகள் இருந்தன. அத்தனையும் சிங்களப் பாட்டு.

கொண்டுவந்தவர் பாலசுந்தரம் ஐயா, ஓய்வுபெற்ற நில அளவையாளர். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்துப் பிளாட் ஒன்றில் இருப்பவர். கொம்பியூட்டர் பெட்டியைத் துவாயால் சுற்றி, த்ரீவீலரில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"சிங்களப் பாட்டென்றா நல்ல விருப்பம் போல?" என்று கேட்டேன். பகிடிக்குத்தான்.

"எனக்குச் சிங்களம் விளங்காது, தம்பி."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கொம்பியூட்டர் திருத்தும் இந்த வேலையில் சிரிக்காமல் இருக்கவும் முடியாது. கீபோர்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொடியில் காயப்போட்டவர் இருக்கிறார். எறும்பு வருகிறதென்று பெட்டிக்குள் மஞ்சள் தூவிய அக்கா இருக்கிறார். எங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு மனுசி, மாதா படம் போட்ட காந்தத்தை ஃப்ளொப்பியில் ஒட்டி வைத்திருந்தார், ஆசீர்வாதத்துக்கு.

கடையில் தமிழ்ப் போன் எல்லாம் எனக்குத்தான் வரும். முதலாளி பலீல் நானாவுக்குப் பொறுமை கிடையாது. எடுத்தவுடன் நான் சொல்வது ஒன்றே ஒன்று: "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது. மெதுவாச் சொல்லுங்க."

பாதிப் பேருக்கு அதிலேயே கொம்பியூட்டர் சரியாகிவிடும்.

ஐயாவுக்கு வேண்டியது படங்கள். பேத்தியின் முதலாம் பிறந்தநாள் படங்கள்.

மகன் துஷ்யந்தனைப் பொலிஸ் பிடித்துப் பதினாறு நாள். ஒரு குறிப்பிட்ட நாளில் அவன் வடக்கே வவுனியாவில் நின்றான் என்கிறார்கள். அன்றைக்குத்தான் வீட்டில் கேக் வெட்டியது. அவன் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். வீட்டு ஆட்களின் வாய்ச்சொல் எடுபடாது, திகதி பதிந்த படம் இருந்தால் கொண்டுவாருங்கள், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார்.

படங்கள் இந்த டிஸ்க்கில்தான் இருந்தன.

மூன்று கிழமைக்கு முன்னால் மேல்மாடிப் பிளாட்டைச் சோதித்து, அங்கிருந்த கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐயா பயந்துவிட்டார். பிறந்தநாள் படங்களில் மகனின் கூட்டாளிகள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களில் யார் எவர் என்று யாருக்குத் தெரியும்?

கமராவைக் கடற்கரைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கடலில் எறிந்தார். டிஸ்க்கில் மகனுடையது எல்லாவற்றையும் அழித்தார். நடைபாதையில் சிங்களப் பாட்டு சீடிகள் வாங்கிவந்து ஏற்றினார். ஏற்றி முடிந்ததும் அதே சீடிகளைத் திரும்பவும் ஏற்றினார். இனி இடமில்லை என்று கொம்பியூட்டரே சொல்லும்வரை மூன்று நாள் அதற்கு முன்னால் இருந்தார்.

நாலாம் நாள் வந்தார்கள். கொம்பியூட்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெடியனை மட்டும் கொண்டுபோனார்கள்.

அழித்த படம் உடனே போய்விடாது. அடியில் கிடக்கும், தோண்டி எடுக்கலாம். அதற்கு மேல் வேறொன்றை எழுதினால்தான் போகும். இவ்வளவு ஒழுங்காக ஒரு டிஸ்க்கை அழித்தவரை நான் கண்டதில்லை.

காலை பத்து மணிக்கு, அழிந்ததைத் தேடும் புரோகிராமை ஓடவிட்டேன். ஐயா ஸ்டூலில் இருந்தபடி, திரையில் ஓடும் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணீர் வேண்டாம் என்றார்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு படம் வந்தது. ஒன்றே ஒன்று.

அதன் மேல்பகுதி மட்டும் இருந்தது. மின்விசிறி, அதில் கட்டிய மூன்று பலூன், கலர்ப் பேப்பர். அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

திகதி பதிந்திருந்தது. அவர்கள் சொல்லும் அதே நாள்தான். ஆள் மட்டும் இல்லை.

ஐயா எழும்பிக் கிட்ட வந்தார். சாம்பல் நிறத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். நில அளவையாளரின் விரல், அசையவில்லை.

"இந்தப் பலூனுக்குக் கீழைதான் நிண்டவன். இதிலை."

"இதுக்கு மேல வராது, ஐயா."

அவர் அழவில்லை. தலையை ஆட்டினார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவது போல மெதுவாகச் சொன்னார்.

"உங்களிலை பிழையில்லை. அண்டைக்கு இந்தக் கடைக்குத்தான் போன் எடுத்தனான். பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது எண்டு ஒரு தம்பி சொன்னவர். நல்ல பிள்ளை. அழிச்சால் மட்டும் காணாது, மேலை எதையாவது நிரப்பினால்தான் ஒருத்தராலும் எடுக்கேலாது எண்டு வடிவா விளங்கப்படுத்தினவர். அவர் சொன்னதிலை நான் ஒண்டும் விடேல்லை. அவரை ஒருக்காக் கூப்பிடுங்கோவன். திருப்பி எடுக்கிற வழி அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

அந்தப் போன் எனக்கு நினைவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை போன் வருகிறது. நன்றாக விளங்கப்படுத்திய சந்தோஷத்தோடு ரிசீவரை வைத்திருப்பேன். அது மட்டும் நிச்சயம்.

பல்லுக்கு ஊசி போட்டது போல முகம் விறைத்துக் கிடந்தது.

"அவர் இண்டைக்கு வரேல்ல, ஐயா," என்றேன்.

"அப்ப நாளைக்கு வாறன்," என்று அவர் திரும்பவும் ஸ்டூலில் இருந்தார். படத்தை மூடச் சொல்லவில்லை. நானும் மூடவில்லை.

போன் அடித்தது. ஒருதரம் அடித்து ஓய்ந்து, திரும்பவும் அடித்தது.

"றேமண்ட்! தமிழ்க் கோல், ஒனக்குத்தான்!" என்று உள்ளே இருந்து பலீல் நானா கத்தினார்.

எடுத்தேன். யாரோ ஒரு பெண். பெயர் சொல்லவில்லை. மூச்சு வாங்க, கொம்பியூட்டரில் ஒரு விசயம் அவசரமாகக் கேட்கவேண்டும் என்றார்.

ஐயா மூன்றடி தள்ளி, நான் சொல்வது கேட்கும் தூரத்தில் இருந்தார்.

நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஹலோ, ஹலோ, இருக்கிறீங்களோ?" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தார்.