மூன்றாவது கேள்வி

முதல் அடியிலேயே ஆட்காட்டி விரல் நசுங்கிவிட்டது. இரண்டாவது அடிக்குப் பேராசிரியரால் கத்தக்கூட முடியவில்லை. அவருடைய மணிக்கட்டை மேசையோடு அழுத்திப் பிடித்திருந்த தச்சர், சுத்தியலை மறுபடி ஓங்கினார்.

கரும்பலகையில் அன்றைய பாடம் அழியாமல் இருந்தது. நான் யார்? எது உண்மை? நாம் செய்வது நம் கையில் இருக்கிறதா? புதியவர்களுக்கான தத்துவ வகுப்பு, முதல் நாள். கடைசி பெஞ்சில் பூனை மாதிரி உட்கார்ந்திருந்த தச்சர், எல்லாரும் போனதும் கதவைத் தாழிட்டிருந்தார்.

"மூணாவது கேள்விக்குப் பதில் சொல்லுங்க சார். அன்னிக்கு கோர்ட்ல சொன்னீங்களே."

பேராசிரியருக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருடம் ஓர் இளம்பெண்ணின் கொலை வழக்கில் நிபுணர் சாட்சியாகப் போய், வளர்ந்த விதமும் மூளையும் சேர்ந்து கொலைக்குத் தள்ளிவிட்ட ஒருவனைக் குறை சொல்லக் கூடாது என்று வெளுத்து வாங்கியிருந்தார். கொன்றவன் வெளியே வந்துவிட்டான். நீதிமன்றத்தில் கைதட்டாத குறைதான்.

உங்கள் பெண்ணுக்கு நடந்தது கொடுமைதான், மன்னித்துவிடுங்கள் என்று பேராசிரியர் திக்கித் திணறிச் சொன்னார்.

"அந்தப் பொண்ணுக்கு வயசு பத்தொம்பது" என்றார் தச்சர். மூன்றாவது விரலும் போனது. ரத்தம் வருகைப் பதிவேட்டின் மேல் ஓடியது.

"இப்ப என்னையும் ஏதோ தள்ளுது சார். என் கையில ஒண்ணுமில்ல. அப்படித்தானே?" இந்த முறை சுத்தியல் பேராசிரியரின் தலைக்கு நேராக உயர்ந்தது.

முப்பது வருடம் படித்த படிப்பெல்லாம் அவரை விட்டுவிட்டு ஓட்டம் பிடித்தது. உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்தது.

"உங்க கையிலதான் இருக்கு. நீங்க நினைச்சா நிறுத்தலாம். யாரா இருந்தாலும் நிறுத்தலாம். நான் கோர்ட்ல சொன்னது தப்பு" என்று அலறினார்.

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. தச்சர் அதை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார்.

வெளியே சுவரோடு ஒட்டிக்கொண்டு ஓர் இளைஞன் நின்றிருந்தான். பேராசிரியர் அவனைக் குற்றவாளிக் கூண்டில் பார்த்திருக்கிறார். தச்சரின் அதே மூக்கு, அதே தாடை. அன்றைக்கு இவர் கண்ணில் அதெல்லாம் படவில்லை.

"கேட்டியாடா மகனே?" தச்சரின் குரல் உடைந்தது. "உன்னை வெளிய விட்டவரே சொல்லிட்டாரு. அந்தப் பொண்ணு கழுத்துல வச்ச மாதிரி இனிமே உன் அக்கா கழுத்துலயும் கை வச்சா, அது நீயா வச்சதுடா."