சொம்பின் அடிப்பக்கம்

டாக்டர் அந்த ஈயச்சொம்பைக் கையில் எடுத்ததும் எழில் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதுவாக இருந்துவிடக் கூடாது. குங்குமமாக இருக்கட்டும், மஞ்சள்தூளாக இருக்கட்டும், சுவரில் உரியும் பழைய பெயின்டாகக்கூட இருக்கட்டும்.

கட்டிலுக்கு மேலே தொங்கிய பாட்டிலிலிருந்து மருந்து அவள் கையில் சொட்டுச்சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் காரீயம். மாதக்கணக்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டதற்கு, வாயு என்று தெருவே கைவைத்தியம் சொன்னதற்கு, இந்த வாரம்தான் சரியான பெயர் கிடைத்தது.

நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல என்று டாக்டர் சாய்சரண் விளக்கியிருந்தார். மருந்து தன்னிடமுள்ள சுண்ணாம்புச் சத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் காரீயத்தைக் கவ்விக்கொள்ளுமாம். கவ்வியதை விடாமல் சிறுநீரோடு வெளியே போய்விடுமாம். ஆனால் அது வீட்டில் எதிலிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் எத்தனை பாட்டில் ஏற்றினாலும் வீண்.

ஈயப் பாத்திரம் ஏதாவது புழங்குகிறீர்களா என்று காலையில் அவர் கேட்டபோது எழில் வாயே திறக்கவில்லை. மாமியார் பழனியாத்தாள்தான் அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சமையலறையையே அள்ளிக்கொண்டு வருகிறேன் என்று ஒண்டிப்புதூர் வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

சொம்பு, எழிலின் அம்மா ருக்மணி சீராகக் கொடுத்தது. காலமெல்லாம் அலுமினியச் சட்டியில் ரசம் வைத்தவள், மகளுக்கென்று ஆசையாகத் தேடி வாங்கி, அடியில் தன் பெயரையும் வெட்டிக் கொடுத்தாள். கல்யாணமான வருஷமே மாரடைப்பில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எழிலுக்கு அந்தச் சொம்பில் வைத்தால்தான் ரசம். டம்ளர் டம்ளராகக் குடிப்பதும் அவள் மட்டும்தான். அத்தைக்குப் புளிப்பு ஆகாது. புருஷன் சபரீஷ் ஓசூர் வேலையிலிருந்து எப்போதாவது எட்டிப்பார்க்கிறவன்.

டாக்டர், காரீயம் பட்டால் சிவக்கும் மருந்தில் நனைத்த பஞ்சுக்குச்சியால் சொம்பின் உள்பக்கத்தைத் தேய்த்தார். மற்ற பாத்திரங்களில் நிறம் மாறாத குச்சி இதில் குப்பென்று சிவந்தது.

"ரெண்டையும் நாம ஈயம்னுதான் சொல்றோம். சொம்பு வெள்ளீயத்துல இருக்கணும். இதுல காரீயம் கலந்திருக்கு, புளிக்குக் கரையும்," என்றார்.

அம்மா கொடுத்தது. தினமும் அம்மாவை நினைத்துக் குடித்தது.

"ஏனுங்க டாக்டர், தப்பு என்னுதுங்க," என்றாள் அத்தை. "சம்பந்தியம்மா குடுத்த சொம்பைத் தண்ணி ஊத்தாம அடுப்புல வெச்சு உருக்கிப்போட்டனுங்க. புள்ளை மனசு உட்டுருவாளேன்னு, கடையில அதே மாதிரி இன்னொண்ணு வாங்கி வெச்சுட்டனுங்க."

அத்தையா? பால் பொங்கி வழியக்கூட விடாதவள். தெருவில் எந்த விசேஷமானாலும் அவளிடம்தான் பக்குவம் கேட்பார்கள். ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றுவதெல்லாம் நேற்றுக் கரண்டி பிடித்தவர்கள் செய்கிற வேலை.

டாக்டர் சொம்பைக் கவிழ்த்தார். அடியில் பெயர் இல்லை. வழவழவென்று இருந்தது.

எழிலுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. பாத்திரம் கழுவ அத்தை அவளை விட்டதே இல்லை; அடிப்பக்கத்தைப் பார்த்தே எவ்வளவோ நாளாயிற்று. அப்படியானால் அம்மா கொடுத்தது நல்ல சொம்பு. உருகித்தான் போயிற்று, ஆனாலும் நல்ல சொம்பு. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"அழுவாத கண்ணு. என்னைய நாலு வார்த்த திட்டிப்போடு," என்று அத்தை அவள் கன்னத்தைத் துடைத்தாள்.

துடைத்த விரல் சொரசொரவென்றிருந்தது. எழில் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் ஈயத்தூள் ஏறிய சாம்பல் கறுப்பு. கட்டைவிரலில் உப்புத்தாள் உராய்ந்த புதுச் சிராய்ப்பு.

அத்தை கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். எழில் விடவில்லை.

"மொதல்ல போயி சோப்புப் போட்டு நல்லாக் கையக் கழுவுங்கத்தை," என்றாள் மெதுவாக. "உங்களுக்கும் ஏறிரப்போகுது."