ஆதாரமில்லாத மூன்று வரிகள்

'இவரைப் பற்றி எந்தப் பேப்பரும் எழுதவில்லை. பக்கத்தை நீக்கலாம்.'

இப்படி எழுதிவிட்டுத்தான் சுலோஜனா டீச்சர் அன்றைக்குத் தேத்தண்ணியைக் கையில் எடுத்தார்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் வீடு. பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறார். மிச்ச நேரமெல்லாம் இணையக் கலைக்களஞ்சியத்துக்குத்தான். அங்கே அவர் ஒரு நிருவாகி. எந்தப் பக்கம் இருக்கலாம், எது போகலாம் என்று பார்க்கிற வேலை. ஆதாரம் இல்லாவிட்டால் தன் பிறந்தநாளையே நம்பமாட்டார் என்று கணவர் பிரவீனன் பகிடி பண்ணுவார்.

இப்போது கேள்விக்கு வந்திருப்பவர் ஸெய்னுதீன். கிண்ணியாக்காரர், அரச உத்தியோகத்தர். கள்ள மணல் அனுமதிகளைத் தேடித் தேடி நிறுத்தினவர். இருபத்தாறு வருடச் சேவையில் கைநீட்டாதவர். அவருக்குப் பக்கம் எழுதியது அவருடைய மகள் ரிஸ்னா.

நல்ல மனிதர்தான், யார் இல்லையென்றது? ஆனால் லஞ்சம் வாங்கினால் செய்தி, வாங்காவிட்டால் எந்தப் பேப்பர் எழுதும்? விதி விதிதானே. வைப்பதா நீக்குவதா என்று பேச ஏழு நாள் தவணை கொடுத்தாயிற்று.

வாப்பா இன்னும் இரண்டு மாதத்தில் பென்சன் போகிறார், அவருக்குக் கிடைத்த ஒரே மரியாதை இந்தப் பக்கம்தான், நீக்கிவிடாதீர்கள் என்று ரிஸ்னா எழுதியிருந்தாள். டீச்சருக்குப் பாவமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை, பெயரில்லாத யாரோ ஒருவர் அதற்குக் கீழே ஒரு வரி போட்டார்.

'நீக்க வேண்டாம். புதன்கிழமைக்குப் பிறகு எல்லாப் பேப்பரிலும் வரும்.'

டீச்சர் அதைத் திரும்ப ஒருமுறை வாசித்தார். என்றாலும் பழகின கை. இனி வரப்போகிற செய்தி ஆதாரமாகாது என்று காரணம் எழுதி, இரண்டே நிமிடத்தில் அந்த வரியை அழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று வந்தது. 'புதன் காலை. பாலத்தடியில்.' அதையும் அழித்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், கட்டுரையின் முதல் வரியே மாறியிருந்தது. ஸெய்னுதீன் பிறந்த திகதிக்குப் பக்கத்தில் இறந்த திகதியும் இருந்தது. அது நாளை மறுநாள், புதன்கிழமை.

பிரவீனன் எட்டிப் பார்த்தார். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"அந்த மனிசனுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுமன்."

"ஏலாது. கட்டுரையில இருக்கிற ஆளோட நாங்கள் கதைக்கக் கூடாது. நடுநிலை போயிடும்."

"அப்ப பொலிசுக்காவது சொல்லு."

"இதெல்லாம் எனக்குப் பழக்கமப்பா. உயிரோட இருக்கிற நடிகர்மாரையே கிழமைக்கு ஒருக்கால் சாக்காட்டுறாங்கள்."

அந்தத் திகதியையும் அழித்தார். அதோடு விடவில்லை. மூன்று வரிகளையும் பழைய பதிவுகளிலிருந்து மறைத்தார். பெயரில்லாதவர்கள் இனி எழுத முடியாதபடி பக்கத்தைப் பூட்டினார். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்த திருப்தி இருந்தது.

புதன்கிழமை முதல் பாடம் நடக்கும்போது டீச்சர் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். எதற்கென்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

அதே நேரம், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஸெய்னுதீனின் மோட்டார் சைக்கிளைக் கிண்ணியாப் பாலத்தடியில் ஒரு டிப்பர் அடித்துவிட்டு நிற்காமல் போனது. அதற்கு இலக்கத்தகடு இல்லை.

வியாழக்கிழமை எல்லாப் பேப்பரிலும் அவர் படம் வந்தது. நீக்கச் சொன்னவர்கள் எல்லாரும் மனம் மாறினார்கள். 'போதிய ஆதாரம் உண்டு. பக்கம் இருக்கலாம்' என்று டீச்சரே தன் கையால் முடித்து வைத்தார். அந்த வரிகளை எழுதினது கொலைகாரர்கள்தான், செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லி ரசித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தார்.

சனிக்கிழமை துக்கம் விசாரிக்கக் கிண்ணியாவுக்குப் போனார். பக்கத்தில் போட ஒரு நல்ல படமும் தேவைப்பட்டது.

வீட்டு வாசலில் ஒருவர் மண்ணில் குந்தியிருந்தார். சட்டை கிழிந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் அவரை எழும்பிப் போகச் சொல்லி ஏசிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் தன் பெயரைச் சொன்னதும் ரிஸ்னாவுக்கு யாரென்று விளங்கிவிட்டது. உள்ளே கூட்டிப்போய் வாசலோரம் கதிரை போட்டாள். வாசலில் இருப்பவர் யாரென்று டீச்சர் கேட்டார்.

"பக்கீர். வாப்பாட ஒபிஸ் கிளார்க். அந்த மணல்காரங்க திட்டம் போட்டதை இவர் கேட்டவராம். ஒபிஸிலயே அவங்கட ஆக்கள் இருக்காங்க, நேர சொன்னா தன்னையும் முடிச்சிடுவாங்க எண்டு பயமாம். வாப்பா ஒவ்வொரு நாள் காலையிலயும் தன்ட பக்கத்தைத் திறந்து பார்த்திட்டுத்தான் வெளிக்கிடுவார். அது ஒபிஸில எல்லாருக்கும் தெரியும். அதால அதில எழுதி வாப்பாவை எச்சரிச்சாராம். மூண்டு தரம்."

டீச்சர் வாசலில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

"பச்சைப் பொய் டீச்சர். புதன் காலையிலயும் வாப்பா பார்த்தவர். 'புதுசா ஒண்டும் இல்ல மகள்' எண்டு சொல்லிட்டுத்தான் போனார். இவரும் அவங்கட ஆள்தான் எண்டு ஊரே சொல்லுது. அங்க எல்லாத்தையும் பார்க்கிறது நீங்கதானே. நீங்க சொல்லுங்க, இவர் எழுதினாரா?"

வாசலில் கேட்டுக்கொண்டிருந்த பக்கீர் தலையைத் தூக்கினார். ஏசினவர்களும் டீச்சர் பக்கம் திரும்பினார்கள்.

மறைத்த வரிகளை இனி வெளியே யாரும் பார்க்க முடியாது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், கதை அதோடு முடிந்துவிடும்.

"ஓம் மகள், இவர் எழுதினவர்தான்" என்றார் சுலோஜனா டீச்சர். "மூண்டையும் அழிச்சது நான்."