நகக்கண்ணில் எண்ணெய்

இரு குடித்தனங்களுக்கும் பொதுவான முன்கூடத்தில் நேற்றுவரை முரண்டு பிடித்த தையல் இயந்திரம் இன்று காலை தடையின்றிச் சுழல்கிறது. சன்னல் வெயில் சக்கரத்தில் வழுக்கி, தையற்காரியின் மடியில் கிடக்கும் மணப்பெண்ணின் வெள்ளை உடையில் விழுகிறது. மாலைக்குள் அதை முடித்தாக வேண்டும். "கர்த்தாவே, நீரே சரிசெய்யும்" என்று நேற்று முழந்தாளிட்டு அவள் வாய்விட்டு மன்றாடியது மெய்தான். ஆயினும் நன்றி சொல்ல நா எழவில்லை. புது எண்ணெயின் வாசனையை மூக்கு மோப்பம் பிடிக்கிறது. பலகைச் சுவருக்கு அப்பால் குடியிருக்கும் கொழுந்தன், வீட்டுப் பங்குச் சண்டையில் ஓராண்டாய் முகங்கொடுக்காதவன், இன்று வாசற்படியில் நின்று காபியை ஆற்றுகிறான். இயந்திரத்தைச் சரிசெய்ததைச் சொல்லியே பங்கு கேட்பானோ?

"மெஷினைத் தொட்டது யாரு?"

"நீங்க யார்கிட்ட கேட்டீங்களோ அவர்தான் அண்ணி. தெருவுக்கே கேட்டுச்சே உங்க ஜெபம்."

"கர்த்தருக்கு நகக்கண்ணுல கறுப்பு எண்ணெய் ஒட்டியிருக்குமா?"

அவன் விரல்களை மடக்கிக்கொள்கிறான். பிறகு, கோப்பைக்குள் பார்த்தபடியே சொல்கிறான்: "தச்சு வேலை பார்த்தவர்தானே அவரு. அவர் நகம் மட்டும் சுத்தமாவா இருந்திருக்கும்?"

அவள் நூலைக் கோக்கப் பார்க்கிறாள். ஊசியின் காது மும்முறை தப்புகிறது.