காப்பெலில் ஒரு மலை

நெதர்லாந்தின் காப்பெல் ஊரில் மேடென்று மருந்துக்குக்கூட ஒன்று கிடையாது. அதனால் ஆபீஸ் பார்க்கிங் கட்டடத்தின் சரிவுப்பாதைதான் ஷரீபாவுக்கு மலை. மொட்டை மாடிக்குக் காரிலேயே ஏறிவந்துவிட்ட கணவன் தஸ்தகீர், காலை வெயிலில் பானெட் மீது பிரான்ஸ் வரைபடத்தை விரித்துக் காற்றில் பறக்காமல் பிடித்திருக்கிறான். குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்ட இருவரும் நண்பர்களோடு சைக்கிளில் கடக்கப்போகும் நாடு அது; எல்லோருமே நீண்ட சைக்கிள் பயணத்துக்குப் புதியவர்கள். களைத்தவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னால் ஒரு வேனும் வரும். மலைப்பகுதியில் மட்டும் 'ஷரீபா வேனில்' என்று எழுதியிருக்கிறான். கீழிருந்து சைக்கிள் செயின் சத்தம் வளைந்து வளைந்து ஏறி வருகிறது. முக்காட்டின் மேல் ஹெல்மெட்டும் முகமெல்லாம் வியர்வையுமாக, முதன்முறையாக எங்குமே கால் ஊன்றாமல் வந்து நிற்கிறாள் ஷரீபா. மூச்சு வாங்கச் சிரித்தபடி அவன் பேனாவைப் பிடுங்கித் தன் பெயரை அடிக்கிறாள். "அப்ப வேன்ல யாரு வர்றது?" என்கிறான். "கார்ல ஏறி வந்தவங்கதான்," என்று அவன் பெயரைப் பெரிதாக எழுதுகிறாள்.